நின்றுவிட்டு இறங்குதல்

ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுவதற்கு நான் லாயக்கானவனா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அப்போது மலேசியாவில், கேமரன் மலையில் வேலையாக இருந்தார். ஆகவே நான் அங்கே போனேன்.

என்னிடம் விமானம் ஓட்டும் உரிமம் இருக்கிறது. துறையூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அரசு உதவித்தொகையில் படித்து, அதே உதவியில் பறக்கவும் கற்றேன். உரிமம் வந்தது, வேலை வரவில்லை. ஈப்போவில் ஒரு சிறிய ஹெலிகாப்டர் நிறுவனம் தானே பயிற்சி கொடுத்து ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு எழுதினேன். ‘எங்கள் கேப்டனோடு நான்கு நாள் இருங்கள். அவர் சரி என்றால் சரி’ என்று முதலாளி பதில் எழுதினார். பயணத்துக்கு அதுதான் முகாந்திரம்.

தாப்பாவிலிருந்து பேருந்து மலை ஏறத் தொடங்கியதும் வளைவுகள் ஆரம்பித்தன. வால்பாறை வளைவுகளைப் பார்த்தவன்தான் நான். ஆனால் அங்கே ஓட்டுநர் வளைவுக்கு வளைவு ஒலி எழுப்பித் தன் இருப்பைச் சொல்லுவார். இங்கே ஒரு சத்தமும் இல்லாமல் திடீரென்று முட்டைக்கோஸ் லாரி ஒன்று எதிரில் நிற்கிறது. பாதி மலையில் அப்படி ஒரு லாரி வளைவில் மாட்டிக்கொண்டு, எங்கள் பேருந்து பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போய், மறுபடி பின்னுக்கு வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் பிளாஸ்டிக் பை ஒன்றை நீட்டினார். எல்லாம் முடிந்ததும் புளிப்பும் உப்புமாக ஒரு வற்றல் பழத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

“ஆசாம் போய். வாயில போட்டுக்கங்க தம்பி, நின்னுரும். என்னா வேல பாக்குறீங்க?”

“பைலட்டும்மா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தார். அதற்குப் பிறகு ரிங்லெட் வரும்வரை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ரிங்லெட் கடைத்தெருவில் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கேப்டன் கலைவாணி அங்கே காத்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ரொட்டி சானாயை இரண்டு கையாலும் அடித்து நொறுக்கிப் பருப்புக் கறியில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பரோட்டாவைப் போலத்தான் இருக்கிறது, ஆனால் மெல்லியது. குழம்பில் ஊறுவதற்குள் தின்றுவிட வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பரோட்டா ஊற ஊறத்தான் பேசும்.

“ஏற்கனவே ப்ளேன் ஓட்டுன ரெண்டு பேரு வந்தாங்க முருகேஸ்,” என்றார், எனக்குத் தேநீர் சொல்லிவிட்டு. “நல்ல பசங்க. ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிட்டேன்.”

“ஏன் கேப்டன்?”

“நிறுத்தத் தெரியல. முன்னாடி மேகம் வந்தா திரும்புவான், சுத்துவான், மேல ஏறுவான், கீழ எறங்கிப் பாப்பான். அந்தா ஒரு பாடாங் இருக்கு, பேசாம எறக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காருவோம்னு மட்டும் தோணாதுலா. உங்களுக்குத் தோணுமான்னுதான் நான் பாக்கணும்.”

பாடாங் என்றால் மைதானம்; ‘லா’ அந்த ஊர்ப் பேச்சின் வால். அந்த இரண்டு பேரும் செய்தது எனக்குக் குற்றமாகவே படவில்லை. விமானத்துக்குச் சிறகு அசையாது. காற்று சிறகின்மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு விமானம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடு வானில் நின்றால் அது விமானம் இல்லை, விழுகிற பொருள். முதல் நாள் வகுப்பிலேயே எங்கள் மண்டையில் ஏற்றிவிடுவது அதைத்தான். ஓடுதளம் இல்லாத இடத்தில் இறங்கினால் அதற்குப் பெயர் விபத்து, அப்புறம் விசாரணை.

இதைச் சொன்னேன். கேப்டன் விரலை நக்கிக்கொண்டு கேட்டார். “நீங்க எறங்கிட்டு நிப்பீங்க. நாங்க நின்னுட்டு எறங்குவோம். அவ்ளோதான். சாப்பிடுங்க.”

மறுநாள் காலை தோட்டத்துப் பாடாங்கில் ஹெலிகாப்டர் நின்றது. நான்கு பேர் உட்காரும் சிறிய ஊர்தி. சுற்றிலும் தேயிலை. சரிவில் இரண்டு வங்கதேசத் தொழிலாளர்கள் ஒரே இயந்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கொழுந்தை வெட்டியபடி நடந்தார்கள். ஊட்டியில் நான் பார்த்த கூடைக்காரப் பெண்களை இங்கே காணவில்லை. தோட்டத்துத் தமிழர்களில் பாதிப் பேர் லாரியில், தொழிற்சாலையில், டவுன் கடைகளில் இருக்கிறார்கள்.

விமானத்தில் கேப்டன் உட்காருவது இடப்பக்கம். இதில் வலப்பக்கம். வலது கையில் பிடித்திருக்கும் கோலைத் துளிநேரமும் விடமுடியாது என்பதால், வேறு எதைத் தொடுவதானாலும் இடக்கைதான் போக வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்றார். விமானத்தைச் சீராக்கி விட்டுவிட்டால் நான் கையை எடுத்துவிட்டு மூக்குச் சொறியலாம், அது பாட்டுக்குப் போகும். இதில் அந்தச் சலுகை கிடையாது. இடக்கை நெம்பியைத் தூக்கினால் ஊர்தி எழும்பும். எழும்பும்போதே மூக்கு ஒரு பக்கம் திரும்பும், அதைக் காலால் மிதித்துச் சரிக்கட்ட வேண்டும். மிதித்ததும் பக்கவாட்டில் நழுவும், அதற்கு வலக்கை. வலக்கையை அசைத்ததும் கொஞ்சம் இறங்கும், மறுபடி இடக்கை. வீட்டில் மூன்று மருமகள்கள் மாதிரி. ஒருத்திக்கு ஒன்று வாங்கினால் மற்ற இருவருக்கும் வாங்கியாக வேண்டும்.

தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் நிறுத்திவைத்து, மூன்றையும் என்னிடம் கொடுத்தார். ஊர்தி வலப்பக்கம் போனது. திருப்பினேன், இடப்பக்கம் இன்னும் வேகமாகப் போனது. பிறகு பின்னால் போனது. கேப்டன் வாங்கிக்கொண்டார். மறுபடி கொடுத்தார். மறுபடி வாங்கிக்கொண்டார்.

பாடாங் ஓரத்தில் நாசி லெமாக் பொட்டலம் விற்கும் லெட்சுமி அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இறங்கி வந்ததும், “ஏன் தம்பி, தும்பிக்குப் பேய் புடிச்சிருச்சா? கோயிலு பக்கத்துலதான் இருக்கு, வேப்பில அடிக்கச் சொல்லவா?” என்றார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிக் கருவாடு, காரச் சம்பால். நன்றாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டுதான் கேலி செய்தார்.

மதியம் உயரே கூட்டிப்போய் இயந்திரம் நின்றுவிட்டதுபோல் செய்து காட்டினார். விமானத்தில் அப்படி ஆனால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுவோம். என் வலக்கை பழக்கத்தில் அதைத்தான் செய்தது. ஹெலிகாப்டரிலோ முதலில் இடக்கை நெம்பியைக் கீழே தள்ள வேண்டும். அப்போதுதான் கீழிருந்து வரும் காற்று மேல் விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சுழற்சியை வைத்து இறங்கிவிடலாம். தள்ளத் தாமதித்தால் விசிறி ஓய்ந்துவிடும்.

“நீங்க செத்துட்டீங்க முருகேஸ்,” என்றார் கேப்டன், மணி சொல்வதுபோல. “மறுபடி செய்வோம்.”

அன்று பலமுறை செத்தேன்.

மூன்றாம் நாள் வந்த காரியம் வேறு. கேப்டன் அந்த வாரம் அங்கே இருந்ததே தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்காக. கோபுரக் கலசத்தில் தீர்த்தம் ஊற்றும் நேரத்தில் வானிலிருந்து பூத்தூவ வேண்டும். இது எங்கள் ஊர்ப்பக்கமும் நடப்பதுதான். ஆனால் இங்கே காரணம் வேறாக இருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் மணியம், காய்கறி லாரிகள் வைத்திருப்பவர், அதை விளக்கினார்.

“போன கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வரவே இல்ல. மழைலா. வெயிட் பண்ணி, வெயிட் பண்ணி, கடைசில வராமலேயே ஊத்திட்டாங்க. அதுலேருந்து யாரு வூட்டுல தலவலின்னாலும் அந்தக் கமிட்டியத்தான் திட்டுறாங்க. எனக்கு அந்தப் பேரு வேணாம் கேப்டன்மா. கருடன் வராட்டி என்னா? அந்த நேரத்துல மேல ஏதாச்சும் சுத்தணும். அவ்ளோதானே?”

“மேல ஏதாச்சும் சுத்தணும்னா ஃபேன மாட்டிவுடு மணியம்,” என்றார் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த லெட்சுமி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். மணியம் சிரிக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த குருக்கள் மட்டும் இரண்டு பக்கமும் சாயாமல், “கருடன் வந்தா உத்தமம். வரலேன்னா முகூர்த்தம் தாண்டறதுக்குள்ள ஊத்திடுவோம்,” என்றார். வழக்கம் அதுதான். கும்பத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார்கள். செம்பருந்து ஒன்று வட்டமிட்டால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று பொருள். கடலோரத்தில் தாராளமாகத் திரியும் அந்தப் பறவை இவ்வளவு உயரத்தில் எப்போதாவதுதான் தென்படுமாம்.

பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து செவ்வந்தி வந்து இறங்கியிருந்தது. பாதியைப் பெண்கள் ஆசையாக மாலையாகவே தொடுத்துவிட்டார்கள். கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அக்கா, நூலு கூடாது, நாரு கூடாது, பை கூடாது. வெளிய போறது உதிரிப் பூ மட்டுந்தான். ஒரு முழ நூலு பின்னாடி போயி வால் விசிறியில சுத்துச்சு, அப்பறம் எங்களுக்கு மால போடுவீங்க.” முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பிரித்தார்கள்.

அடுத்த தகராறு, எப்படிப் போடுவது என்பது. ஹெலிகாப்டர் கோபுரத்துக்கு நேர் மேலே அசையாமல் நின்று போட வேண்டும், அப்போதுதான் போட்டோவில் விழும் என்றார் மணியம். கூடாது, நின்றால் விசிறிக்காற்று அத்தனையும் நேர் கீழே அடிக்கும், ஓடிக்கொண்டே போட்டால் காற்று பின்தங்கிவிடும் என்று கேப்டன் சொன்னார். மணியம் கேட்கவில்லை. “ப்ளேனுதான் ஓடும். நிக்கும்னுதானே உங்களக் கூப்புட்டோம்?”

“சரி, ஒரு தடவ காட்டுறேன். ஆளுங்கள மட்டும் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

காட்டினார். நல்ல உயரத்தில்தான் நின்றோம். நான் இடப்பக்கக் கதவைக் கழற்றிய இடத்தில் உட்கார்ந்து ஒரு கூடை பூவைக் கவிழ்த்தேன். பூ கீழே போனதைப் பார்த்தேன். பிறகு அது ஓரமாக மேலே ஏறி வந்ததையும் பார்த்தேன். கொஞ்சம் என் சட்டைக்குள் புகுந்தது, மிச்சம் பக்கத்துச் சரிவில் யாரோ ஒருவருடைய தக்காளித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரையில் போய் விழுந்தது. கீழே நாற்காலிகள் உருண்டன. நீலத் தார்ப்பாய் ஒரு முளையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து நின்றது. மணியத்திடம் ஒரு வாக்கிடாக்கி கொடுத்திருந்தோம்; எங்களிடமிருந்த அதன் ஜோடி அலறியது.

“போதும்! போதும்லா! சாமியத் தூக்கிட்டுப் போயிறாதீங்க!”

இதனோடு நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். அந்த மலை உயரத்தில் காற்றுக்கு அடர்த்தி குறைவு. ஓடும்போது சுலபமாகப் பறக்கும் ஊர்தி, நிற்கும்போது திணறியது. இயந்திரத்தின் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக்கோட்டின் ஓரத்தில் இருந்தது. நிற்பது என்றால் சும்மா இருப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்த ஊர்திக்கு நிற்பதுதான் பெரிய உழைப்பு.

கும்பாபிஷேக நாள் விடிந்தபோது வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பத்து மணிக்குமேல் மேகம் ஏறும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். கோயிலுக்கும் பாடாங்குக்கும் நடுவே ஒரு தேயிலை மேடு. மேட்டின் இந்தப் பக்கம் காத்திருந்தோம். மேளம் மட்டும் கேட்டது. ஒரு பூக்கூடையை என் கால்களுக்கு நடுவேயும் இன்னொன்றைப் பின் இருக்கையிலும் கட்டியிருந்தார்கள்.

“வாங்க, வாங்க! குடம் மேல போயிருச்சு! கருடனக் காணோம், சீக்கிரம் வாங்க!” என்றது மணியத்தின் குரல்.

எழும்பினோம். மேட்டைத் தாண்டியதும் கோபுரம் தெரிந்தது, சாரத்தின்மேல் குடத்தோடு குருக்கள், கீழே மஞ்சளும் சிவப்புமாக ஜனம். ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில், நேர்கோட்டில் போனோம். எனக்குப் பழக்கமான பறத்தல். கை கூடைக்குள் போய்விட்டது. ஜனங்கள் எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். எங்களைத்தான் வரவேற்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் யாருடைய முகமும் எங்கள் பக்கம் இல்லை.

கோபுரத்துக்கு மேலே, எங்களைவிடக் கொஞ்சம் உயரத்தில், வெள்ளைத் தலையும் செம்பழுப்புச் சிறகுமாக ஒரு பறவை சாய்ந்து திரும்பியது.

“கேப்டன், கருடன்!”

“பாத்துட்டேன். என்ன செய்யலாம்?” இட்டிலியா தோசையா என்று கேட்கிற குரல்.

“சுத்தி வரலாம்.”

மறுபேச்சு இல்லாமல் வலப்பக்கம் சாய்த்தார். விமானக்காரனின் பதில் அது. ஒன்று சரிப்படவில்லை என்றால் ஒரு சுற்று போய் மறுபடி வா. சாய்ந்து திரும்பும்போது கீழே பார்த்தேன். பெர்த்தாம் பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஒரு நாக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று வந்தால் இந்த இரைச்சலோடு மறுபடி அந்தப் பறவையின்மேல்தான் போவோம். அது விலகும், அல்லது விசிறியில் விழும். இன்னொரு சுற்று என்றால் மேகம் வந்திருக்கும். சுற்றிக்கொண்டே இருப்பதால் எதுவும் சரியாகப் போவதில்லை.

“இல்ல கேப்டன். இறக்கிடுங்க.”

“எங்க?”

“பாடாங்லயே.”

“பூ?”

“பூ அப்புறம்.”

அவர் மேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, நின்று, இறக்கினார். வாக்கிடாக்கியில் மணியம் தமிழிலும் மலாயிலும் கேட்டவை இங்கே எழுதத் தக்கவை அல்ல. இயந்திரம் ஆறுவதற்குச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்தார். விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய்ந்தது. மணியத்தின் வசவு பாதியில் அறுந்தது, யாரோ கருவியைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

“மேல போனவங்களே, இருக்கீங்களா?” லெட்சுமி அக்காவின் குரல். “சுத்துதுய்யா! மறுபடியும் சுத்துது! அங்கேயே இருங்க. வராதீங்க, வராதீங்க!”

பொத்தானிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை. ‘ஓம் சக்தி, பராசக்தி’ என்ற கூச்சல் முதலில் கருவியிலும், அரைக் கணம் கழித்து மேட்டுக்கு மேலாகவும் வந்தது. ஊற்றிவிட்டார்கள்.

கேப்டன் தலைக்கருவியைக் கழற்றிவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். “இப்ப போயி போட்டுறலாமா?” என்று கேட்டேன். பதிலுக்கு மேட்டைக் காட்டினார். மேட்டைக் காணவில்லை. மேகம் பாடாங்கின் கோல்கம்பம்வரை வந்திருந்தது.

ஆகவே நடந்தோம். தேயிலைக்கு நடுவே ஈரமான சறுக்குப் பாதை, ஆளுக்கு ஒரு கூடை. பறக்கும் உடையில் கேப்டன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். கோயில் வாசலில் எங்களைப் பார்த்ததும் ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது.

“என்னா கேப்டனு, ஹெலிகாப்டரு பஞ்சரா?” என்றார் லெட்சுமி அக்கா. கண்ணெல்லாம் நனைந்திருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. கூடையில் முதல் கையை விட்டவரும் அவர்தான். பிறகு ஆளாளுக்கு அள்ளிக் கோபுரத்தை நோக்கி வீசினார்கள். பாதிகூட எட்டவில்லை. ஒருவர் தலையில் ஒருவர் வீசியதாகத்தான் முடிந்தது.

மணியம் என்னிடம் நேராக வந்தார்.

“நீங்கதான் எறக்கச் சொன்னதா?”

“ஆமாண்ணே. கருடன் வந்துச்சுல்ல...”

“வந்துச்சு. வரலன்னு யாரு சொன்னா? அத எவன் போட்டோ எடுத்தான்? போட்டோக்காரன் அந்தாண்ட திரும்பி உங்க ஹெலிகாப்டரத் தேடிக்கிட்டு நிக்கிறான்லா! வெறும் வானத்த எடுத்து வச்சிருக்கான், அம்பது படம்!”

 அவர் சொன்னது உண்மை.

அன்னதானத்தில் வாழையிலைக்கு முன் உட்கார்ந்தேன். மணியமே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார். கேப்டன் கூடத்து வாசலில் நின்று கைப்பேசியில் முதலாளியோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தார். என் பெயர் இரண்டு முறை வந்தது. மற்றது எதுவும் விளங்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்கவில்லை.

“அண்ணே,” என்றேன் மணியத்திடம். “என்ன சொல்றாங்க?”

அவர் வாளியோடு நின்று காதைக் கொடுத்தார். கோபம் ஆறவில்லை, ஆனால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் யாருக்கும் மறுக்க மனம் வராது.

“‘முதல்ல சுத்தி வரலாம்னுதான் சொன்னான்’ங்குது. ... ‘ஒரு திருப்பத்துக்குள்ள மாத்திக்கிட்டான்’ங்குது. ... ‘கை இன்னும் ப்ளேன் கைதான். தல பரவால்ல.’ ... ம். ‘எடுத்துக்கலாம்’ங்குது.”

“எடுத்துக்கலாம்னா சொன்னாங்க?”

“இரு தம்பி, இன்னும் இருக்கு. ‘ஆனா பயிற்சி முடியிறவரைக்கும் ஏரோப்ளேன தொடவே கூடாது. ரெண்டும் ஓட்டுனா ஆபத்து நேரத்துல கை பழசுக்குப் போயிரும்.’ ரெண்டு வருசமாம்.”

இரண்டு வருடம் விமானத்தைத் தொடாவிட்டால் என் உரிமத்தை மறுபடி உயிர்ப்பிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஊரில் அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் பையன் பெரிய விமானம் ஓட்டப்போகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறார். கேப்டன் கைப்பேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கூடத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“முருகேஸ், சம்மதமா?”

தலையை ஆட்டினேன். அவர் திரும்பிக்கொண்டு மலாயில் ஒரே சொல் சொன்னார். அதை மணியம் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் படவில்லை.

“நிறுத்திப் பழக உனக்கு எங்க கோயிலு கும்பாபிஷேகந்தான் கெடச்சுதா?” என்று கேட்டுவிட்டு ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றினார். நான் சாப்பிட ஆரம்பித்தேன். ரசம் வந்தது, மோர் வந்தது. பாயச வாளியையும் அவரேதான் எடுத்துக்கொண்டு வந்தார். என் இலைக்கு முன்னால் நிற்காமல், வேகம் குறையாமல், பாயசம் ஊற்றாமலே அடுத்த இலைக்குப் போய்விட்டார்.